நின்றுபோன எடை மேடை: புதிய பைதானுக்கு லைப்ரரியை எப்படி மாற்றுவது?

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். இன்ஜினியரிங் படிக்கும்போது மாமாவின் மாங்காய் மண்டிக்காக ஒரு பைதான் லைப்ரரி எழுதினேன். எடை மேடையில் இருந்து எடையைப் படித்து, தேதி நேரத்தோடு சேமித்து, தமிழில் சீட்டு அடிக்கும். பைதான் லைப்ரரிகளை யாரும் இறக்கிக்கொள்ளும் பை-பி-ஐ தளத்திலும் ஏற்றி வைத்தேன். இப்போது கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, பாலக்கோடு பக்கம் ஏழெட்டு மண்டிகளில் ஓடுகிறது. போன மாதம் ஒரு மண்டியில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி பைதான் 3.13 போட்டார்கள். 'டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை' என்று நின்றுவிட்டது. என் லேப்டாப்பில் 3.12 இருக்கிறது, அதில் நன்றாக ஓடுகிறது! போனிலேயே சொல்லி செட்டப்டூல்ஸ் என்ற பொட்டலத்தைப் போட வைத்தேன். அந்த எர்ரர் போய் 'டெல்நெட்லிப் இல்லை' என்று வந்தது. '3.12க்கு மேல் வேலை செய்யாது என்று பூட்டிவிடு' என்கிறான் நண்பன். 'பழசையெல்லாம் விட்டுவிட்டு 3.14க்கு மட்டும் புதிதாக எழுது' என்கிறார் அலுவலக சீனியர். மாமா மண்டியிலோ இன்னும் விண்டோஸ் 7, பைதான் 3.8. சீசனுக்குள் முடிக்கவேண்டும். என்ன செய்யட்டும்? நிரலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புத் தம்பிக்கு,

நிரலை முழுக்கப் படித்தேன். எர்ரர் காட்டி நின்றுபோனதே நல்லதாயிற்று. நின்றுபோனால் மண்டிக்காரர் உங்களுக்குப் போன் செய்வார், அதுவரை கையால் சீட்டு எழுதிக்கொள்வார். அவசரத்தில் நீங்கள் செய்யும் திருத்தம் எடையைத் தப்பாகப் படித்துக்கொண்டே சீட்டு அடித்தால் ஒருவரும் போன் செய்யமாட்டார்கள். லோடு இறக்கிவிட்டுப் போன விவசாயிக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு வரியை மாற்றுவதற்கு முன்னால், இன்றைக்கு ஒழுங்காக ஓடுகிற மண்டிகளில் எடை மேடை உண்மையில் என்னென்ன அனுப்புகிறது என்று பதிந்து எடுத்துவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், லேப்டாப்பில் ஓடுவது மண்டியில் ஏன் ஓடவில்லை? லைப்ரரிகளைப் பொட்டலமாகக் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12லேயே, அதாவது 2023 அக்டோபரிலேயே பைதானில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் லேப்டாப்பிலும் அது கிடையாது. ஆனால் அங்கே எதற்கோ செட்டப்டூல்ஸ் நிறுவி இருக்கிறீர்கள். செட்டப்டூல்ஸ் தனக்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எடுத்துக் கொடுக்கும். முன்பெல்லாம் புதிதாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மெண்ட் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைதான் சூழல்) உருவாக்கினால் செட்டப்டூல்ஸும் கூடவே வந்துவிடும். 3.12 முதல் அந்தப் பழக்கமும் நின்றுவிட்டது. ஆகவே மண்டியின் புதுக் கம்ப்யூட்டர் உள்ளதை உள்ளபடி சொன்னது. உங்கள் லேப்டாப்தான் பிழையை மறைத்துக்கொண்டு இருந்தது. டெல்நெட் என்ற பழைய நெட்வொர்க் முறையில் பேச உதவும் டெல்நெட்லிப்பின் விஷயம் வேறு. அது 3.12 வரை உள்ளே இருந்தது, 2024 அக்டோபர் 7 அன்று வந்த 3.13ல் எடுக்கப்பட்டது. பராமரிக்க ஆளில்லாத 19 பழைய மாட்யூல்களை ஒரே வீச்சில் நீக்கினார்கள், அதில் இதுவும் ஒன்று. செட்டப்டூல்ஸ் போட்டால் இது வராது.

இரண்டுமே சொல்லாமல் கொள்ளாமல் நடந்தவை இல்லை. டிஸ்ட்யூட்டில்ஸ் போகப்போகிறது என்ற எச்சரிக்கை 2021ல் வந்த 3.10லேயே தொடங்கிவிட்டது. டெல்நெட்லிப்புக்கு 2022ல் வந்த 3.11ல். ஆளுக்கு இரண்டு வருட அவகாசம். உங்கள் காதில் ஏன் விழவில்லை என்று தேடினேன். லைப்ரரியின் முதல் ஃபைலில், எட்டாவது வரியில், எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கிவிடும் கட்டளை ஒன்று இருக்கிறது. பிரிண்டர் ஏதோ மஞ்சள் எழுத்தில் புலம்புகிறது என்று என்றைக்கோ போட்டிருப்பீர்கள். அந்த வரியை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். ஒரு லைப்ரரி தன்னை அழைக்கும் நிரலின் எச்சரிக்கைகளையும் சேர்த்து அடக்குவது பெரிய தவறு. அடுத்தவர் வீட்டு அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்குவது போன்றது. அந்த வரி இல்லாவிட்டாலும் இந்த வகை எச்சரிக்கைகளைப் பைதான் தானாகக் காட்டாது. நேரடியாக ஓட்டுகிற ஃபைலில் இருந்து எழுந்தால் மட்டும்தான் காட்டும், இம்போர்ட் செய்த லைப்ரரிக்குள் எழுந்தால் வாய் திறக்காது. ஆகவே டெஸ்ட் ஓட்டும்போது, பைதானை அழைக்கும் கட்டளையில் ஒரு ஹைஃபன், பெரிய டபிள்யூ, பிறகு எர்ரர் என்று சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு எச்சரிக்கையும் எர்ரராக மாறி அந்தந்த இடத்திலேயே நிற்கும். இது உங்கள் மேசையில் மட்டும். மண்டிக் கம்ப்யூட்டரில் ஒருபோதும் இப்படி ஓட்டாதீர்கள்.

டிஸ்ட்யூட்டில்ஸை நீங்கள் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பயன்படுத்தி இருக்கிறீர்கள். செட்டிங்ஸ் ஃபைலில் 'எஸ்', 'ஆன்', '1' என்று எழுதியிருப்பதை உண்மை, பொய் என மாற்றும் சின்னஞ்சிறு ஃபங்ஷன். பத்து வரியில் நீங்களே எழுதிவிடலாம். கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: பழைய ஃபங்ஷன் தனக்குத் தெரியாத சொல் வந்தால் எர்ரர் எழுப்பும். 'தெரியாவிட்டால் பொய்' என்று எழுதிவிடாதீர்கள். எங்கோ ஒரு மண்டியில் காலி வண்டி எடையைக் கழிக்கும் செட்டிங்கில் எழுத்துப் பிழை இருந்தால், அது சத்தமில்லாமல் அணைந்து போகும்.

இனி டெல்நெட்லிப். கஷ்டம் இங்கேதான் இருக்கிறது, உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். எடை மேடையின் இண்டிகேட்டரில் (எடையை எண்ணாகக் காட்டும் கருவியில்) இருந்து வரும் சீரியல் ஒயரை ஒரு சின்னப் பெட்டி நெட்வொர்க்குக்கு மாற்றிக் கொடுக்கிறது, நீங்கள் அதை டெல்நெட் வழியாகப் படித்திருக்கிறீர்கள். டெல்நெட்லிப் போய்விட்டதால், எல்லோரும் செய்வதுபோல சாக்கெட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்பை நேரடியாகத் திறந்து வருவதைப் படிக்க ஐந்து வரி எழுதத் தோன்றும். அந்த ஐந்து வரி உங்கள் மேசையில் அழகாக ஓடும், மண்டியில் தப்பும்.

காரணத்தைப் பாருங்கள். இண்டிகேட்டர் 9600 பாட் வேகத்தில் அனுப்புவதாக உங்கள் செட்டிங்ஸ் சொல்கிறது. நொடிக்கு ஏறக்குறைய 960 எழுத்து, அதாவது எழுத்துக்கு ஒரு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் அதிகம். நடுவில் இருக்கும் பெட்டி அதுவரை வந்ததை மட்டும் கட்டி நெட்வொர்க்கில் தள்ளிவிடும். ஒரு முழு வரி ஒரே மூட்டையாக வரும் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. பன்னிரண்டாயிரத்து நானூற்றைம்பது கிலோ ஏறி நிற்கிறது என்று வையுங்கள். மேடை 012450 என்று அனுப்புகிறது. முதல் மூட்டையில் 01245 வந்து, அடுத்ததில் 0 வந்தால்? உங்கள் ஐந்து வரி நிரல் முதல் மூட்டையை எண்ணாக மாற்றி 1,245 கிலோ என்று சொல்லும். அது அபத்தமான எண்ணாகக்கூடத் தெரியாது. சின்ன வண்டி ஒன்றின் எடைபோல ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். டெல்நெட்லிப்பில் நீங்கள் அழைத்த ஃபங்ஷன், வரி முடியும் எழுத்து வரும் வரை காத்திருந்து, துண்டுகளை ஒட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்தது. நீங்கள் எழுதாத, உங்களுக்கே தெரியாத வேலை அது. இனி அதை நீங்கள் எழுதவேண்டும்: வந்ததையெல்லாம் ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்த்து, வரி முடிந்த இடம் வரை மட்டும் வெட்டி எடுத்து, மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது.

அதே இடத்தில் இன்னொன்று. பெட்டிக்கு மின்சாரம் போய் இணைப்பு அறுந்தால் டெல்நெட்லிப் ஈஓஎஃப் ('இனி தரவு இல்லை') எர்ரர் எழுப்பும். அதைப் பிடித்து 'எடை மேடை இணைப்பு இல்லை' என்று தமிழில் காட்டியிருக்கிறீர்கள், நல்ல பழக்கம். சாக்கெட் அந்த எர்ரரை எழுப்பாது. மறுமுனை மூடிவிட்டால் வெறும் காலித் துண்டைத் திருப்பிக் கொடுக்கும். அதைத் தனியாகச் சோதிக்காவிட்டால் உங்கள் லூப் காலியைப் படித்துப் படித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும், திரையில் கடைசியாக வந்த எடை அப்படியே நிற்கும். அடுத்த வண்டி ஏறும்போது முந்தைய வண்டியின் எடை தெரிவதைவிட மோசமான ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

பழைய நிரலிலேயே ஒரு பொத்தலும் கண்ணில் பட்டது. படிக்கும்போது ஒரு நொடி டைம்-அவுட் கொடுத்திருக்கிறீர்கள். நேரம் முடிந்தால் அந்த ஃபங்ஷன் அதுவரை வந்த அரைகுறைத் துண்டையே திருப்பித் தரும். வரி முடியும் எழுத்து இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கவில்லை. புதியதில் இது வராமல் செய்யுங்கள். மாமா மண்டியில் ஓடும் பழைய வரிசையிலும் இந்த ஒரு திருத்தத்தை மட்டும் போட்டுக் கடைசியாக ஒரு வெளியீடு விடுங்கள்.

டெல்நெட்லிப்பின் அதே பழைய நிரலை யாரோ தனிப் பொட்டலமாகப் பை-பி-ஐயில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய மண்டிக்காரரை இந்த வாரமே ஓட வைக்க அதைப் போட்டுக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் மே மாத வரத்துக்கு அதை நம்பி இருக்கவேண்டாம்.

இப்போது நான் முதலில் கேட்டுக்கொண்ட பதிவு. ஓடிக்கொண்டு இருக்கும் இரண்டு மூன்று மண்டிகளில், முடிந்தவரை வெவ்வேறு இண்டிகேட்டர் இருக்கும் இடமாகப் பார்த்து, வருகிற பைட்டுகளை எதையும் மாற்றாமல் ஒரு ஃபைலில் எழுதும் சின்ன நிரலை அரை மணி நேரம் ஓட்டுங்கள். மேடை காலியாக இருக்கும்போது, வண்டி ஏறும்போது எண் அலைபாய்வது, நிலைத்து நிற்பது, இறங்குவது எல்லாம் அதில் வரவேண்டும். மாங்காய்ச் சீசன் இல்லாத இந்த மாதங்களில் லோடு வண்டி கிடைக்காவிட்டால் மண்டிக்காரரின் டிராக்டரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள், அது போதும். பிறகு வீட்டில் அந்த ஃபைலைப் பழைய நிரல், புதிய நிரல் இரண்டுக்கும் ஊட்டுங்கள். முழுதாக ஊட்டுங்கள், பைட் பைட்டாக ஊட்டுங்கள், மூன்று மூன்றாக வெட்டி ஊட்டுங்கள். எப்படி வெட்டினாலும் ஒரே எடைப் பட்டியல் வரவேண்டும். 3.10ல் இருந்து 3.14 வரை ஐந்து பைதானிலும் வரவேண்டும். இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை வேலை.

சில்லறையிலும் ஒன்று கடிக்கும். பைதான் வெர்ஷனைக் கண்டுபிடிக்க, வெர்ஷன் எழுத்துத் தொடரின் முதல் மூன்று எழுத்தை வெட்டி ஒப்பிட்டிருக்கிறீர்கள். 3.8க்கு அது '3.8' என்று தரும். 3.13க்கு '3.1' என்று தரும்! எழுத்தாக ஒப்பிட்டால் '3.1' என்பது '3.6'க்கு முந்தியது, ஆகவே உங்கள் நிரல் இதைப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பைதான் என்று நினைத்து, தமிழ் எழுத்தைக் கையாளும் பழைய வழிக்குப் போகும். 2021ல் 3.10 வந்தபோது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் எழுதி வைத்திருந்த லேபிள் நிரலில் இதே தவறுதான் நடந்தது. ஒரு ஷிஃப்ட் முழுக்க லேபிள்களில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் அச்சாகி, எட்டு மணி நேர வேலையைத் திரும்ப ஒட்டினார்கள். அந்தப் பெண்கள் குனிந்து குனிந்து லேபிள் கிழித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெர்ஷனை எண்களாகவே தரும் வெர்ஷன்-இன்ஃபோ இருக்கிறது, அதை மூன்று, பன்னிரண்டு என்ற ஜோடியோடு ஒப்பிடுங்கள். கிட்ஹப்பில் டெஸ்ட் ஓட்டுவதற்கான அமைப்புகளை எழுதும் யாமல் ஃபைலிலும் இதே குழி உண்டு. 3.10 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால் அது 3.1 ஆகிவிடும்.

நேரம் பற்றி. யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எடுத்து ஐந்தரை மணி கூட்டிச் சீட்டில் அடிக்கிறீர்கள். யூடிசி-நவ் என்ற அந்த அழைப்புக்கு 3.12 முதல் எச்சரிக்கை வருகிறது, ஆனால் இன்னும் எடுக்கப்படவில்லை. எஸ்கியூலைட் டேட்டாபேஸில் தேதியைத் தானாக மாற்றிச் சேமித்துக் கொடுக்கும் வசதிக்கும் 3.12 முதல் அதே கதை. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நம் நாட்டில் கோடைக்கால நேரமாற்றம் இல்லாததால், +5:30 என்று நிலையாக ஒரு டைம்ஸோன் செய்துகொண்டால் போதும், ஊர் பெயர் சொல்லித் தேடும் வசதி வேண்டாம். விண்டோஸில் அதற்கு டிஇசட்-டேட்டா என்று தனிப் பொட்டலம் வேறு போடவேண்டி வரும். மாற்றியபிறகு சேமிக்கும் எழுத்து வடிவம் பழையதில் இருந்து வேறுபடும். பழைய வரிகளில் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி, புதிய வரிகளில் 'டி' எழுத்தும் கடைசியில் டைம்ஸோன் குறியும் இருக்கக்கூடும். ஒரே நாளில் இரண்டு வடிவமும் கலந்து வந்தால், எழுத்தாக வரிசைப்படுத்தும்போது சீட்டுகள் முன்பின் ஆகக்கூடும். டைம்ஸோன் தெரிந்த நேரத்தையும் தெரியாத நேரத்தையும் பெரிது சிறிது பார்த்தால் பைதான் நேரடியாக எர்ரர் தரும். எனவே பழைய வடிவத்தையே எழுதும் ஒரு ஃபங்ஷன் வைத்து, எல்லா இடத்திலும் அதன் வழியாகவே சேமியுங்கள்.

நண்பன் சொன்ன பூட்டைப் போடாதீர்கள். அவர் நினைப்பதுபோல அது வேலை செய்யாது. அடுத்த வெளியீட்டில் '3.13க்குக் கீழே மட்டும்' என்று எழுதினால், 3.13 வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் அந்த வெளியீட்டைத் தாண்டிப் பின்னால் போய், பூட்டு இல்லாத உங்கள் பழைய வெளியீட்டை எடுத்துப் போடும். அதுதானே டெல்நெட்லிப் இல்லாமல் விழுந்தது! மேல் எல்லையை விட்டுவிட்டுக் கீழ் எல்லையை மட்டும் உயர்த்துங்கள். 3.9க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, ஆகவே புதிய வரிசைக்கு '3.10ம் அதற்கு மேலும்' என்று வையுங்கள். மாமாவின் 3.8ல் பிப் தானாகவே பழைய வரிசையின் கடைசி வெளியீட்டில் நின்றுகொள்ளும், நீங்கள் எதுவும் செய்யவேண்டாம்.

சீனியர் சொன்னதும் எனக்கு உடன்பாடில்லை. 3.14 நல்ல வெளியீடுதான், அதில் ஓடவேண்டும்தான். ஆனால் உங்கள் நிரலில் மாறவேண்டியது நாற்பது ஐம்பது வரி. திரும்ப எழுதினால், டெல்நெட்லிப்பில் இருந்ததுபோல உங்களுக்கே தெரியாமல் ஒழுங்காக நடந்துகொண்டு இருக்கும் இன்னும் பத்து விஷயங்களைத் தொலைப்பீர்கள். உள்ளே சி நிரல் எதுவும் இல்லாதது உங்கள் பாக்கியம். இருந்திருந்தால் பொதுவாக ஒவ்வொரு பைதானுக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்து ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் மண்டிக் கம்ப்யூட்டர் தானே கம்பைல் செய்யப் பார்த்து, மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் வேண்டும் என்று கேட்டு நின்றுவிடும்.

மாமா கம்ப்யூட்டரைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். விண்டோஸ் 7ல் ஓடும் கடைசிப் பைதான் 3.8தான், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு. எடை மேடைப் பெட்டியோடு பேச இணையம் தேவையில்லை, உள் நெட்வொர்க் போதும். மாற்றும் வரை அதில் இருந்து இணைய இணைப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். கணக்கு ஃபைலைத் தினம் சாயங்காலம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கட்டும். சீசன் முடிந்து கையில் காசு புரளும் ஆவணியில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னால் மாமா கேட்பார் என்று நினைக்கிறேன்.

ஆவணி உங்களுக்கும் நல்ல மாதம். பைதான் இப்போது வருடத்துக்கு ஒரு முறை, அக்டோபரில் புதிதாக வருகிறது. அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில் ரிலீஸ் கேண்டிடேட் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) கையில் கிடைத்துவிடும். பெங்களூரா மாங்காய் வரத்து ஓய்ந்து மண்டியில் கூட்டம் குறைந்திருக்கும் நேரம் அது. பதிந்து வைத்த ஃபைல்களை அதில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டால், அக்டோபரில் யார் எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் நீங்கள் போனை எடுக்கப் பயப்படவேண்டாம்.

இந்த மாதம் பதிவு, அடுத்த மாதம் திருத்தம், பங்குனிக் கடைசிக்குள் ஒரே ஒரு மண்டியில் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் இண்டிகேட்டர் காட்டும் எண்ணை மண்டிக்காரர் சீட்டின் மூலையில் பேனாவால் எழுதட்டும், சாயங்காலம் நீங்கள் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சீட்டு மாறினாலும் மற்ற மண்டிகளுக்கு அனுப்பாதீர்கள். மாறிய சீட்டையும் அந்த நேரத்துப் பைட் பதிவையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா